சுழியம் முதல் ஒன்பது வரை

வேலந்தாவளம் தாண்டி, கோரையாற்றுப் பக்கத்துப் பாத்திகளில்
ஐப்பசிப் பனி காயும் முன்
நெல் இலைகளுக்கு மார்க் போடுகிறேன்.
நாள் கூலி. ஒரு பென்சில், ஒரு பூதக்கண்ணாடி.

குலைநோய்க்குச் சுழியத்திலிருந்து ஒன்பது வரை.
புள்ளியே இல்லையென்றால் சுழியம்.
கண் வடிவில் சாம்பல் பூத்துத் தீய்ந்திருந்தால் ஒன்பது.
பள்ளியில் எனக்கு நேர்மாறாகப் போட்டார்கள்.

வரப்போர வரிசை முழுதும் ஒன்பது.
நோய் வாங்கவென்றே நட்டது அது.
யூரியா கூடுதல், அந்தியில் தெளிப்புத் தண்ணீர்,
பெயர்ப்பலகை மட்டும் கிடையாது.

நாற்பத்தொன்றில் கடுகுபோலப் பழுப்புப் புள்ளிகள்.
"இதுக்கும் வந்துருச்சு" என்கிறாள் மயிலாத்தாள்.
வந்தது. போக முடியவில்லை.
பனித்துளியில் ஒட்டிய பூஞ்சாண வித்து
இரவெல்லாம் அழுத்தி, ஊசியாய்த் துளைத்து
முதல் அறைக்குள் இறங்கியதுமே
இலை ஆளை அடையாளம் கண்டுகொண்டது.
கண்டதும் அந்த அறையையும்
சுற்றி நாலு அறைகளையும்
தானே கொன்றது.
உயிரைத் தின்ன வந்ததற்கு
உள்ளே பிணம்தான் கிடைத்தது.
ஒன்று, என்று எழுதினேன்.

நாற்பத்திரண்டு:
அதே மண், அதே வாய்க்கால், அதே பனி.
வந்தவனை விருந்தாளி என்று நினைத்துவிட்டது.
ஏழு.

செக்போஸ்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறான்
என் கொழுந்தன் மாசிலாமணி.
தார்ப்பாயின் முடிச்சைப் பார்த்தே
எந்த லாரியில் கடத்தல் அரிசி என்று சொல்லிவிடுவான்.
"அடுத்த மாசம் முடிச்ச மாத்திருவானுக"
என்பதையும் அவனேதான் சொல்வான்.

போன வருடம் முப்பத்தாறு சுழியம் வாங்கியது.
கொழிஞ்சாம்பாறையில் அந்த விதைக்கு
விடியுமுன்னே வரிசை நின்றார்கள்.
ஊரெல்லாம் அதே நெல்.
இந்த வருடம் எட்டு.
நெல் அப்படியேதான் இருக்கிறது,
முடிச்சுதான் மாறியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது பன்னிரண்டு.
ஒருநாளும் சுழியம் வாங்காது.
ஐந்து வருடமாக மூன்று, நான்கு, மூன்று.
யாரையும் அடையாளம் தெரியாது அதற்கு.
தோல் தடிப்பு. இலையோரம் அரம்.
யார் வந்தாலும் வாசலில் நிற்கவைத்து நிற்கவைத்து
அதற்குள் கதிர் முற்றிவிடும்.

சஜிதா மேடத்திடம் சொன்னேன்.
சிரித்தார். "மூணுன்னா யாரு வாங்குவா?"
என்றாலும் பன்னிரண்டின் பக்கத்தில்
சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டார்.

சாயங்காலப் பஸ்ஸில் விரலைப் பார்த்தேன்.
பன்னிரண்டு கீறிய இடம்
காய்ந்து பழுப்பாகியிருந்தது.
ஒன்று போடலாம்.
அல்லது, வலி இருப்பதால்,
இரண்டு.