பொருத்தம்

பல்செட்டு கட்டுகிறவன் நான்.
சோலோ நகரில், தபால் நிலையத்துக்கு எதிர்க் கடை.
ஈறுக்கும் அச்சுக்கும் நடுவே
மயிரிழை இடறினாலும் விரல் சொல்லிவிடும்.
அப்பேர்ப்பட்ட விரல்
பதினொரு வருடம் என்ன செய்துகொண்டிருந்தது?

சுவரில் ஏழு கிரிஸ்.
பாலி உறை
குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி தோளகட்டி நிற்கும்.
மக்காசார் உறைக்கு இடுப்பில் வெள்ளிப் பூண்.
யோக்யா நுனி சுருட்டி, பேசாமல் இருக்கும்.
நடுவில் எங்கள் ஊர் லத்ராங்:
படகின் மூக்கு, திமோகோ மரம்,
மரத்தில் கறுப்புத் திட்டு, மேகம் நின்ற இடம்.
விருந்தாளிக்கு முதலில் அதைத்தான் எடுப்பேன்.
'உறை, உடல், இரண்டும் சோலோ' என்பேன்.

போன மாதம் சுமெனெப் சந்தையில்
கத்தியில்லாத உறை ஒன்று விலைக்கு வந்தது.
முகப்பில் றெக்கைக் குதிரை, மேலே கிரீடம்,
சந்துபொந்து விடாமல் பூவேலை.
"உள்ளே இருந்தது எங்கே போச்சோ" என்று
மொஹ்தார் பாதி விலைக்குத் தந்தான்.

வீட்டில் ஒவ்வொன்றாய் நுழைத்துப் பார்த்தேன்.
ஒன்று தொண்டையில் சிக்கியது.
ஒன்று உள்ளே போய்க் கிலுகிலுத்தது.
(உறைக்குள் கிலுகிலுக்கும் கிரிஸுக்கு
இங்கே யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள்.)
ஆறும் தோற்றபின், விளையாட்டுக்குத்தான்,
லத்ராங்கிலிருந்து உருவினேன்.
ஒன்பது நெளிவும்
குதிரைக்கு அடியில் சத்தமில்லாமல் போய் அமர்ந்தன.
குலுக்கினேன்.
காதோரம் வைத்துக் குலுக்கினேன்.
ஒன்றுமில்லை.

காலி லத்ராங்கைக் கவிழ்த்தேன்.
மேசையில் விழுந்தது
எட்டாய் மடித்த சிகரெட் ஈயத்தாள்.
கிராம்பு வாசனை இன்னும் போகவில்லை.
இத்தனை நாள் கத்தியை வாயடைத்து வைத்திருந்தது அதுதான்.

ஹொஸ்னா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
பிறந்தது மதுராத் தீவு. இங்கே வந்தது இருபதில்.
என் அம்மாவோடு அவள் பேசும் ஜாவானியத்தில்
அரண்மனைக்காரர்களே தடுக்கி விழுவார்கள்.
தாளைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.
"எனக்கு எந்தத் தாளைச் செருகினீர்கள்?"
சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

பிறகு கத்தியைக் கையில் வாங்கி
அதனிடம் மதுரா மொழியில் என்னவோ கேட்டாள்.
நீளமான கேள்வி.
நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினாள்.
எனக்கு விளங்கவில்லை.
இருபத்தாறு வருடம்.
அவள் மேல்வரிசைப் பற்களின் அளவு எனக்கு மனப்பாடம்.

ஓர் உறைக்குள் இரண்டு கத்தி ஆகாது, தெரியும்.
ஒரு கத்திக்கு இரண்டு உறை?

சட்டை கருகுகிற வாசனை வந்தது.
இரண்டு பேரும் அசையவில்லை.