இடது காது

சென்ட்ரல் வீதிச் சலூனுக்குப் புதிதாக வந்த பெடியன்
மெஷினை என் இடது காதருகே கொண்டுவந்து
நிறுத்திவிட்டான்.
"அண்ணை, இதை ஆர் கடிச்சது?"

கடிக்கவில்லை.
பதினொரு வருடம் அடுத்தவன் தலையோடு தேய்ந்து,
இரத்தம் கட்டி, ஊசியால் இழுத்து, மறுபடி கட்டி,
காய்ந்த புளியங்காய்போல் ஆனது.
"ரக்பி" என்றேன்.
"நேவிக்காரர் விளையாடுறதே?"
ஓம். அவர்களும்.

ஹூக்கர். முதுகில் இரண்டாம் இலக்கம்.
ஸ்க்ரமில் நடுவில் நிற்பவனுக்குக்
கைகள் இரண்டும் பக்கத்துத் தோள்களுக்குப் போய்விடும்.
ஒரு பக்கம் லஹிரு, கலகெதரக்காரன்.
மறுபக்கம் ஃபஸ்மின்,
ஆட்டத்துக்கு முந்தின இரவு உறங்கவே மாட்டான்.
எனக்கென்று மிஞ்சுவது ஒரு கால்.
எட்டுப் பேரின் எடை கழுத்தில் இறங்கும்போது
அந்தக் காலால் பந்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.
அவ்வளவுதான் தொழில்.

கண்டி விடுதியிலிருந்து லீவில் வரும்போது
ஹபரணை தாண்டிய சோதனைச்சாவடியில்
பையைக் கொட்டச் சொன்னார்கள்.
பல்லுறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான் ஒருவன்.
என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும்.
"மொகக்த மே?"
வாயில் வைத்துக் கடித்து
நீலப் பற்களோடு சிரித்துக் காட்டினேன்.
அவனும் சிரித்தான். பிறகு, சிரித்தது நினைவுவந்து,
முகத்தைச் சரிசெய்துகொண்டு
அடையாள அட்டையை மறுபடி கேட்டான்.

பிரணவரூபன் என்பது
அறிவிப்பாளர் வாய்க்குள் நுழையாத பெயர்.
முதல் ஆட்டத்தில் பிரணா, அடுத்ததில் ரூபா.
ரூபாவே நிலைத்தது,
யாரோ என்னைச் சில்லறையாக மாற்றியதுபோல.
மணிலா, டோகா, அல்மாட்டி.
அல்மாட்டியில் மூக்கிலிருந்து வந்த இரத்தம்
உதட்டைத் தொடுமுன் உறைந்துபோனது.
(வீட்டில் அப்படித்தான் சொன்னேன்.
உண்மையில் ஒழுகியது, எங்கும் ஒழுகுவதுபோல.)
பதினாறு சர்வதேச ஆட்டம். ஒரேயொரு ட்ரை,
அதுவும் குவியலின் அடியில்
பந்தின் மேல் இருந்தது என் கைதான் என்று
நடுவர் நம்பியதால்.
அம்மா டீவியில் தேடித் தேடிக் களைத்தாள்.
"உன்ர முகம் ஒருக்காலும் தெரியேல்லையடா.
முழுக்க முதுகுதான்."

பதினாறாவதில்
குனி என்றார் நடுவர். பிடி என்றார்.
மூன்றாவது சொல் வருமுன்னே மோதிவிட்டார்கள்.
கழுத்துக்குள் முருங்கைக்காய் முறிகிற சத்தம்.
இன்றைக்கும் இரண்டு விரல்களுக்கு
சுடுதண்ணீர் எது, பச்சைத்தண்ணீர் எது என்று தெரியாது.
சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.
தலைப்பு மூன்று மொழியில்.
நன்றி இரண்டில்.

இப்போது துறைமுகத்தில் வேலை,
இழுவைப் படகுகளின் டீசல் கணக்கு.
தன்னைவிடப் பலமடங்கு பெரிய கப்பலின் விலாவில்
நெற்றியைக் கொடுத்துத் தள்ளும் அந்தக் குட்டைப் படகை
யன்னலால் பார்ப்பேன்.
எத்தனை லீற்றர் என்று எழுதுவேன்.

நேற்று மாலை கோட்டை வாசலில்
இரண்டு ஆண் புள்ளிமான்கள்
கொம்பைக் கோத்துக்கொண்டு நின்றன.
ஒன்று இளசு. தலையை அளவுக்கு மீறி உயர்த்தியிருந்தது.
"குனி" என்றேன், வாய்விட்டே.
ஐஸ்கிரீம் வாங்க நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது.
"இன்னும் குனி. முதுகை நேராக்கு."
அதற்கு எங்கே கேட்கப்போகிறது?
புரண்டு விழுந்தது, எழும்பியது,
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றபடி
ஓட்டோக்களுக்கு நடுவே போனது,
தோற்றதுபோலவே இல்லை.

பெடியன் மெஷினை வைத்துவிட்டுக்
கத்தரிக்கோலை எடுத்தான்.
காதை இரண்டு விரலால் மடிக்கப் பார்த்தான்.
அது மடங்காது.
ஏதோ கேட்டான்.
அந்தப் பக்கம் எனக்கு அரைகுறைதான்.
"ஓம், ஓம், ஒட்ட வெட்டு" என்றேன்.
கண்ணாடியில் அவன் உதடு
இன்னொரு தரம் அசைந்தது:
நோகுதோ?