சின்னதும் சின்னதல்லாததும்

பரேல். காலை ஒன்பது மணி. நான்காம் எண் அறை.
டாக்டர் கார்கானிஸ் இந்தியில் சொல்வார்,
நான் தமிழில் சொல்வேன்.
மாதம் எட்டாயிரம், மதியச் சாப்பாடு தனி.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமாய்?
குர்லாவில் காருக்குப் பெயின்ட் அடிக்கும் சவரிராயன்
யோசிக்காமல் சொன்னார்:
"ரெண்டு கட்டு. முப்பத்திரண்டு வருஷம்.
கல்யாணத்தன்னைக்கு மட்டும் ஒரு கட்டு."

தாராவிப் பேச்சித்தாய்க்கு அந்தக் கட்டம் காலி.
"பீடியா? நானா?"
சிரிப்பு இருமலாகி அடங்க இரண்டு நிமிஷம்.
டாக்டர் காத்திருந்தார்.
அடுப்பு? மண்ணெண்ணெய் ஸ்டவ். முன்னே மரத்தூள்.
ஜன்னல்? கதவுதான் ஜன்னல்.
மூன்று மணிக்கு எழுந்து முந்நூறு இட்லி.
புருஷன்? "அவுக குடிப்பாக. ராத்திரி, படுத்துக்கிட்டே."
பின்சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உருக்கும் பட்டறை.
படிவத்தில் 'இதர' என்று ஒரே ஒரு வரி.
இருபத்தாறு வருஷத்தை அதற்குள் எழுதச் சொன்னார்.

பிறகு காகித ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.
ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்,
கடுகளவு ஆவதற்கே வருஷங்கள்.
நுரையீரலுக்கு உள்ளே வலி சொல்ல ஆளில்லை.
இதைத் தமிழாக்கும்போது என் குரல் கம்மியது.
என் சட்டைப்பையில் பாதிப் பாக்கெட் இருந்தது.

அடுத்த வியாழன் ரிப்போர்ட்.
சவரிராயனுக்கு ஸ்மால் செல்.
"சின்ன செல்" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.
மகள் எஸ்தர் அப்படியே கைகூப்பினாள்.
"சின்னதுதானாம்ப்பா."
அவர் வெளியே போய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

பேச்சித்தாய்க்கு நான் ஸ்மால் செல்.
அவர்கள் பாஷையில் 'நான்' என்றால் இல்லை.
"சின்னது இல்ல..." நான் முடிக்குமுன்
முந்தானை வாய்க்குப் போய்விட்டது.

பதினோரு வருஷமாய் இந்த நாற்காலி. எனக்குத் தெரியும்.
சின்னதுதான் ஓடும்,
எலும்புக்கு, ஈரலுக்கு, மூளைக்கு.
நாம் பார்க்கும்போது பெரும்பாலும் ஊர் தாண்டியிருக்கும்.
மற்றதில் சில மெல்ல நடக்கும்.
இன்னொரு சோதனை அவளுக்குச் சாதகமாய் வந்தால்
மாத்திரையிலேயே சில வருஷம் ஓட்டலாம்.
கண்ணாடிச்சில்லில் பார்த்துப் பெயர் வைத்தவனுக்கு
அது யார் காதில் எப்படி விழும் என்று என்ன கவலை.

பேச்சித்தாயிடம் மூன்று தடவை சொன்னேன்.
"ஆறுதலுக்குச் சொல்லுதீக" என்றாள்.

சவரிராயனைத் தேடி வாசலுக்குப் போனேன்.
நடைபாதையில் பாய் விரித்திருந்த பீகார்க் குடும்பத்துக்கும்
டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.
எனக்கொரு கப்பைத் திணித்தார்.
"இன்னையோட விட்டாச்சு தம்பி.
பிரிக்காத கட்டு, வீணாப் போகுது, நீ வச்சுக்க."
வைத்துக்கொண்டேன்.

டீயில் ஆடை படிகிற வரைக்கும் பேசவில்லை.
சிக்னல் விழுந்து பஸ்கள் உறுமின.
அப்புறம்,
"அண்ணே, அந்தச் சின்னதுங்கிற வார்த்தை..."
என்று ஆரம்பித்தேன்.