ஆறாம் எண்

சுவரை உடைக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னார்
டாக்டர் தமயந்தி,
சுவருக்குள் கம்பி இழுக்க வந்தவனிடம்.
வாயைத் திறக்காமல் பல்லைப் பிடுங்கு என்பதுபோல் இருக்கிறதே
என்றேன். சிரிக்கவில்லை.
அவர் பல் டாக்டர் என்பது பிறகுதான் தெரிந்தது.

மெக்காலிஸ்டர் சாலையில், தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால்,
ஏதோ ஒரு ஈயக் கம்பெனித் துரை கட்டிய வீடு.
அவனுக்குப் பிறகு ஒரு வங்கி மேலாளர்,
பிறகு தாதியர் விடுதி,
பிறகு இருபது வருஷம் புறாக்கள்.
நான் பார்த்தபோது மாடிப்படியில் அரசங்கன்று ஒன்று
ஏறிக்கொண்டிருந்தது, என்னைவிட நிதானமாக.

யோங் ஸ்யூ மெய் போட்ட வரைபடத்தில்
இருக்கப்போவது கறுப்பு, போகப்போவது சிவப்பு.
முன்வீடு முழுக்கக் கறுப்பு.
வேலைக்காரர்களின் பின்கட்டு சிவப்பு.
அங்கே எஃகும் கண்ணாடியுமாய்ச் சமையலறை வரும்,
தேய்த்த சிமெண்டுத் தரையில் வானம் தெரியும் என்றார்.
பிறகு தெரிந்தது. பொய் சொல்லக் கூடாது:
மழைக்கு முன் அதில் நடந்தால்
கொடிமலை மேகத்தின்மேல் செருப்பு வைக்கக் கூசும்.

ஐந்தாம் வாரம் கூடத்துப் பூச்சைச் சுரண்டிய ஷொஹாக்
"பாஸ்" என்று கத்தினான்.
துணி சுற்றிய கம்பி. இழுக்க இழுக்க வந்தது.
விளக்குக்கு அல்ல, மணிக்கு.
பெயிண்டில் முங்கிப்போன பித்தளைப் பொத்தான்கள்
படுக்கை அறையில், குளியலறையில், மேல் வராந்தாவில்,
சாப்பாட்டு அறையில், கூடத்தில்.
எல்லாம் போய்ச் சேர்ந்தது பின்கட்டு நடைக்கு.
அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி,
உள்ளே வரிசையாய்ச் சின்னச் சின்ன எண்கள்.
எந்த அறை கூப்பிட்டதோ அந்த எண் விழும்.

எண்கள் ஆறு. பொத்தான் ஐந்து.

ஆறாவதைப் பின்கட்டிலேயே கண்டேன்,
இடிக்க இரண்டு நாள் இருக்கையில், கடைசி அறையில்.
முழங்கால் உயரம்.
நிற்பவன் அழுத்த வைத்ததல்ல;
பாயில் கிடப்பவர் கை நீட்டினால் எட்டும்.
மற்ற ஐந்தையும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.
இதில் வெறும் முறுக்கு. மூன்று சுற்று, மேலே மெழுகுத்துணி.
கேட்காமல் கொள்ளாமல் கம்பியைத் திருடி
ராத்திரியில் செய்த வேலை.
பிரசவமோ, விடாத காய்ச்சலோ,
சுவர் அதைச் சொல்லவில்லை.
இங்கிருந்து ஒருவர் கூப்பிட்டபோது
துரை கூப்பிட்டதுபோலவே அடித்திருக்கிறது மணி.
அந்த முறுக்கு எனக்குப் பிடித்திருந்தது.
லைசென்ஸ் வாங்கும் முன்பு நானும் அப்படித்தான் முறுக்கினேன்.

பெட்டியைக் கூடத்தில் மாட்டச் சொன்னார் யோங்,
சாம்பல் சுவரில், அதற்கென ஒரு குட்டி விளக்கோடு.
ஐந்து பொத்தானையும் டாக்டரின் கைப்பேசியோடு இணைத்தேன்.
ஆறுக்கு என்ன செய்யலாம் என்றேன்.
"எங்கே இருந்ததோ அங்கேயே வை."
அங்கே கண்ணாடி இருக்கிறது, அதற்கப்பால் புல்.
அவரும் பார்த்தார். காதுத் தோட்டைத் திருகினார்.
"சரி, விடு."
கம்பி முனையில் டேப் சுற்றி
சுவருக்குள்ளேயே தள்ளிவிட்டேன்.
சாந்து பூசியவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

குடிபுகுந்து நாலு மாசம். அடைமழை.
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அழைப்பு.
"ஆறு விழுந்திருக்கு."

ஈரம் மேடம் என்றேன்.
பழைய சுண்ணாம்பு தண்ணியக் குடிக்கும்,
டேப் நனைஞ்சிருக்கும், ரெண்டு கம்பியும் தொட்டிருக்கும்.
ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"தெரியுது" என்றார். ஆனால் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் மழை,
நடுவில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல்.

காலையில் போயிருக்கலாம்.
பிறையிலிருந்து பாலம் தாண்ட வேண்டும், டோல் வேறு.
வேனைக் கிளப்பினேன்.
திருகாணியும் சில்லறையும் கிடக்கும் தட்டில்
அந்தப் பித்தளைப் பொத்தான்
ஒவ்வொரு திருப்பத்திலும்
உருண்டு உருண்டு தட்டிக்கொண்டே வந்தது.