பொது மீட்டர்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி.
முழுக்க ஏற்றினால் நூற்றறுபது கிலோமீட்டர் என்று காட்டும்.
சுங்கான்கடை ஏற்றத்தில் பேச்சை மாற்றும்.

வெட்டூர்ணிமடத்தில் எங்கள் கட்டடத்துக்குப்
பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு மீட்டர்,
மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்குமாகப்
பதின்மூன்றாவது ஒன்று.
அதன் பக்கத்து பிளக்கில்
ஒரே ஒரு ராத்திரிதான் செருகினேன்.
காலையில் தாள் ஒட்டியிருந்தது:
'பொதுக் கரண்டில் தனி வண்டிக்குச் சார்ஜ் ஏற்றலாகாது.
இப்படிக்கு, தாணுலிங்கம், செயலாளர்.'
ஏற்றலாகாதுக்கு அடியில் இரண்டு கோடு.

பிறகு மூன்றாம் மாடி அடுக்களை ஜன்னல் வழியாக
என் சொந்த மீட்டரின் கரண்டைக்
கறுப்பு வயரில் கீழே இறக்கினேன்.
இரண்டாம் மாடி மெர்சி புஷ்பத்தின்
துணிக்கொடியை உரசிக்கொண்டு போகும் அது.
'சாரை தொங்குனது மாதிரி இருக்கு டாக்டரே,
பிள்ளைக்கு பேடியா இருக்கு' என்றாள்.

நான் டாக்டர் இல்லை, பிசியோ.
பக்கவாதம் வந்த கைகளுக்கும்
தென்னையிலிருந்து விழுந்த இடுப்புகளுக்கும்
வீடு வீடாகப் போய்
சின்னப் பெட்டியிலிருந்து சின்னக் கரண்டு கொடுக்கிறவள்.
தசை ஒரு தடவை துள்ளும்.
துள்ளியது தன்னுடையதுதானா என்று
என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இடவப்பாதி பிடித்துக்கொண்டது.
வீட்டு வயரும் வண்டி வயரும் சேரும் பெட்டியை
நேந்திரங்காய் சிப்ஸ் கவருக்குள் திணித்து
ரப்பர் பேண்டு போட்டேன்.
கவரின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தது.
படித்தவள்தான்.

ராத்திரி செருகும்போது பதினாறு சதவீதம்.
விடிந்து பார்த்தால் முப்பத்திரண்டு.
யாரோ அணைத்திருக்கிறார்கள்.
தாணுலிங்கத்தின் கதவைப் பார்த்தே
பார்க்கிங்கில் நின்று கத்தினேன்.
உள்ளிருந்து குக்கர் மட்டும் பதில் சொன்னது.

ஏசி போடவில்லை.
கண்ணாடியை இறக்க மழை விடவில்லை.
வில்லுக்குறி தாண்டி ஒரு சரிவில் காலை எடுத்தேன்,
ஒரு கிலோமீட்டர் திரும்பக் கிடைத்தது.
குளச்சலில் சூசைமிக்கேலின் வலது காலைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.
'கரண்டு தீந்தா என்ன செய்யுவ?'
'தள்ளணும்.'
'சொல்லி அனுப்பு.
வள்ளம் தள்ளுன ஆளாக்கும் நான்.'
மடங்காத முட்டி என் கையில் இருந்தது.
அவர் சிரிக்கவில்லை.

நான்கு சதவீதத்தோடு கேட்டுக்குள் வந்தபோது
தரைத்தளத்து மைதீன் பாத்து நின்றாள்,
கையில் சிரட்டை அகப்பை.
'நான்தான் அமத்துனேன்.
பதினொன்னரைக்கு அந்தக் கவருக்குள்ள
நீலமா ஒண்ணு மினுங்கிச்சு. எண்ண கருகுற மணம்.
உங்கள விளிச்சேன், மழையில கேக்கல.
கையால தொட பயம்.
ரப்பர் செருப்ப போட்டு, ஸ்டூல்ல ஏறி,
இதால சுவிச்சுக்கு ஒரு தட்டு.'
அதே அகப்பையால்தான்
காலையில் மீன்கறியும் கிண்டினாளாம்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம்,
தண்ணீர்த்தொட்டியின் நிழலில்.
முதலில் லிஃப்ட் கேட்டவர்கள் லிஃப்ட் கேட்டார்கள்.
கார் இல்லாதவனுக்கு இதில் என்ன லாபம் என்றார் ஒருவர்.
எனக்கும் ஸ்கூட்டர் யோசனை உண்டு என்று
இன்னொருவர், மனைவி காதில் விழாதபடி.
ஆரல்வாய்மொழியில அத்தன காத்தாடி சுத்துதே,
அது நமக்கு வராதா என்றான்
மெர்சி புஷ்பத்தின் மூத்தவன்.
யாரிடமும் பதில் இல்லை.
தாணுலிங்கம் மினிட்ஸ் நோட்டில்
அதையும் எழுதிக்கொண்டார்.

இப்போது மைதீன் பாத்துவின் வெளிச்சுவரில்
தகர மூடி போட்ட பெட்டி,
எர்த்துக் கம்பி, எனக்கென்று சப் மீட்டர்.
முதல் தேதி இரவு தாணுலிங்கம்
டார்ச்சோடு வந்து ரீடிங் எடுக்கிறார்.
நான் கத்தியதைப் பற்றி
இருவரும் பேசுவதில்லை.
யூனிட்டைப் பேசுகிறோம்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி,
ஆணியில் அகப்பை.
அதற்குக் கீழே புதுத் தாள்:
'இதை யாரும் சமையலுக்கு எடுக்கலாகாது.'
அடியில் இரண்டு கோடு.