நானூறுக்கு நூறு

நாளைக்கு முதுகில் பிளாக் போடுவேன் என்றேன்.
ஆறுகாணி நேசையன் நிமிரப் பார்த்து
வலியில் பாதியில் நின்றார்.
"எனக்க பிளாக்கையா? அத
மச்சினன் வெட்டுகான், நானூறு மரமும்."

அவருக்கு பிளாக் என்பது மலைச்சரிவில்
ஒரு ஆள் பங்குக்கு வரும் ரப்பர்.
எனக்கு, தசைக்கும் எலும்புக்கும் நடுவே
அல்ட்ராசவுண்டில் கறுப்பாய்த் திறக்கும் கீற்று,
அதற்குள் பக்கத்துக்கு இருபது மில்லி ரோபிவகைன்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?
தனியாகப் போனால் ராத்திரி ஒன்பது, பத்து.
கூடக் கொஞ்சம் டெக்ஸாமெதசோன் சேர்த்தால்
விடியப்புறம் வரை இழுக்கலாம்.
லாம்தான். சத்தியம் செய்வதில்லை நான்.

சுவரோரம் நின்ற கனகபாய் தலையாட்டினாள்:
"அம்மோனியா விடுகது போல."
நான் முழித்தேன்.
"பாலுல ரெண்டு சொட்டு விட்டா
வண்டி வரும் வர கட்டியாவாது, டாக்டரே.
கூடிப்போனா கண்ணக் கரிக்கும்."
இதிலும் கூடினால் உண்டு, சர்க்கரை ஏறும் என்றேன்.

இடுப்பில் நாலு திருகு.
மதியம் இரண்டுக்கு ஊசி.
ஜன்னலுக்கு வெளியே வெள்ளறடை பஸ்
மார்த்தாண்டம் மழையில் உறுமிக்கொண்டு நின்றது.

ராத்திரி இரண்டரைக்கு சிஸ்டர் பிரின்சியின் போன்:
ஆறாம் பெட் முழிச்சிருக்கார்.
வலி இல்லையாம்.
அழுகிறார்.

செருப்பைத் தேடாமல் ஓடினேன்.
கால்விரலை அசைக்கச் சொன்னேன். பத்தும் அசைந்தன.
"முப்பது வருசமா இந்த நேரத்துக்கு
முதுகுதான் என்ன எழுப்பும்.
இண்ணைக்கு அது எழுப்பல்ல, நானே எழும்பினேன்.
வீட்டுல ஆரோ செத்துப்போனது மாதிரி கெடக்கு."

சேர்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.
அவர் நெற்றியில், வெட்டு விளக்கின் பட்டை
அழுந்தி அழுந்தி வெளுத்த கோடு.
அதையே பார்த்துக்கொண்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்தேகாலுக்கு இடப்பக்கம் முதலில் விட்டது.
"வந்தாச்சு" என்றார், ஏறக்குறைய மரியாதையுடன்.
பத்துக்கு எத்தனை என்று கேட்டாள் பிரின்சி.
"பத்து கணக்கு எனக்குத் தெரியாது, பிள்ளே.
நானூறுக்கு நூறு."

இரண்டரை என்று எழுதினாள்.
அரைக்குக் கட்டம் இல்லை.
அடித்து, மூன்று என்று எழுதினாள்.

மழை விடவில்லை.
மச்சினன் இன்று
ஒரு மரமும் வெட்டியிருக்க மாட்டான்.