நண்பகல் மார்வா

முதல் வாரம் சிந்த்ரெ கேட்டான்:
"பாட்டு எப்போது தொடங்கும்?"
தொடங்கிப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

ட்ரொம்ஸோ நகர நூலகம், மூன்றாம் மாடி.
செவ்வாய்தோறும் மாலை ஆறு மணி.
இந்திய இசை கேட்கும் பயிற்சி.
கட்டணம் நானூறு குரோனர், காப்பி இலவசம்.
வந்தவர்கள் ஏழு பேர்.
அதில் இருவர் காப்பிக்காக என்பது
இரண்டாம் வாரம் தெரிந்தது.

நோட்டில் நிறைய எழுதி வைத்திருந்தேன்:
சுரங்கள், அவற்றின் உறவுமுறைகள்,
எந்த ராகத்துக்கு எந்த யாமம்.
வரிச்சட்டத்தைக் குறித்துக்கொள்வதுபோல்
குறித்துக்கொண்டார்கள்.
தூரிட் நிஜமாகவே வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.
என்ன கேட்டது என்றேன்.
"காகம்" என்றாள்.
பழைய பதிவு அது. பாடகருக்குப் பின்னால்
யார் வீட்டு மாடியிலோ ஒரு காகம் கத்தும்.
இருபது வருடமாகக் கேட்டும்
என் காதில் விழாத காகம்.

தாளம் மட்டும் உடனே பிடித்துப்போனது.
பதினாறு எண்ணிக்கை. ஒன்பதாவதில் தட்டக்கூடாது,
கையை விரித்துக் காற்றிடம் காட்ட வேண்டும்.
அதற்குப் பெயர் காலி என்றேன்.
சிந்த்ரெ தலையாட்டினான்.
துறைமுகத்தில் அவன் காவலில் இருக்கும்
ஐஸ் இயந்திரம்
கடகடவென்று ஓடி ஓரிடத்தில் மூச்சு வாங்குமாம்.
"அந்த இடத்தில் சத்தம் வந்தால்
அன்றைக்கு மீன் அழுகும்."
காலியைப் பற்றி அதற்குமேல்
நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

நவம்பர் கடைசியில் சூரியன் போனது.
போனது என்றால் மலைக்குப் பின்னால் அல்ல,
நாட்காட்டியிலிருந்தே.
இனி ஜனவரி நடுவில்தான்.
அன்று பலகையில் எழுதினேன்:
மார்வா, சூரியன் மறையும் வேளை.

மாரெட் கை தூக்கினாள்.
அப்பாவின் கலைமான்களை விட்டு
மருத்துவமனை இரவுப்பணிக்கு வந்தவள்,
அதுவரை வாய் திறக்காதவள்.
"எந்த ஊரில் மறையும் வேளை?"

யாரும் சிரிக்கவில்லை.
நானும் இங்கே பிறந்தவள்தான்.
கொல்கத்தாவில் ஆறு வருடம்,
சங்கு ஊதும், கொசு வரும்,
மாலை வந்துவிட்டது என்று வில்லை எடுப்போம்.
மாலையை யாரும் எனக்கு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

வீடு வரைக்கும் பனி பூட்ஸில் நறநறத்தது.
மறுநாள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன்:
அடுத்த வகுப்பு பகல் பன்னிரண்டுக்கு.

பன்னிரண்டுக்கு இங்கே
தெற்கு வானம் லேசாக இமை திறக்கும்.
விடியலும் அதுதான், அந்தியும் அதுதான்,
நடுவே பகல் என்று ஒன்று இல்லாமல்
முதுகோடு முதுகு ஒட்டிப் பிறந்த இரண்டு.
விளக்கை அணைத்தேன்.
நோட்டைத் திறக்கவில்லை.

சாரங்கி.
ஒரு நிமிடம். நான்கு.
பாலத்துக்கு அப்பால் நீலத்தில் செம்மை கசிந்தது,
துடைத்த காயத்தில் திரும்ப வருவதுபோல.

ஒன்பதாவது நிமிடம் தூரிட் சொன்னாள்,
புகார் எழுதிக்கொடுப்பவள் குரலில்:
"கீழே தம்புராவில் ஒரு சுரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
இவர் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.
தெரிந்தே உள்ளே போகமாட்டேன் என்கிறார்."

ஷட்ஜத்தைப் பற்றி
அவளிடம் நான் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

பிறகு அவளே அதை முனகினாள்,
கால் சுரம் தணிவாக.
உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.
சிந்த்ரெ கையை விரித்துக் காற்றிடம் காட்டினான்.
ஆலாபனைக்குத் தாளம் கிடையாது.
தவறு என்று சொல்ல
எனக்கு நா எழவில்லை.

கதவு திறந்தது. அடுத்தது ஸ்பானிய வகுப்பு,
வினைச்சொல் அட்டைகளோடு பத்துப் பேர்.
எங்கள் நேரம் முடிந்திருந்தது.
இவர்கள் எழவில்லை, அவர்கள் நுழையவில்லை.
கோட்டுகளிலிருந்து தரையில் பனி சொட்டிக்கொண்டிருந்தது,
அதுவும் எந்த எண்ணிக்கைக்கும் அடங்காமல்.

எல்லோரும் போன பின்
மாரெட் மேசையருகே நின்றாள்.
"ஜூனில் என்ன செய்வீர்கள்?
இரண்டு மாதம் மறையவே மறையாதே."
தெரியவில்லை என்றேன்.
வருகைத்தாளைத் தன் பக்கம் திருப்பி,
நான் இன்னும் கோடுகூடப் போடாத
ஜூன் மாதத்தில்
தன் பெயரை எழுதிவிட்டு
இரவுப்பணிக்கு முன் கொஞ்சம் தூங்கப் போனாள்.